குனிந்து எடுக்கிற பித்தளை

சுடுதளத்தில் மற்றவர்கள் சுட்ட கையோடு தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, எங்கே பட்டது என்று தேடுவார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேட மாட்டார். ரைஃபிளின் போல்ட்டை, எல்லோரும் தூங்குகிற வீட்டில் தாழ்ப்பாளை நீக்குகிற மாதிரி, மெல்லப் பின்னுக்கு இழுப்பார். வெடுக்கென்று இழுத்தால் காலிக் கூடு எகிறிப்போய்ச் சிமெண்டுத் தரையில் கிணிங்கென்று விழும். அக்கம்பக்கத்து மேஜைகளில் அந்தச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இவருடைய கூடு இவர் உள்ளங்கையில் விழும். இரண்டு விரலில் பிடித்துக் கழுத்தைப் பார்ப்பார், திருப்பி அடியைப் பார்ப்பார், ஐம்பது குழி வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வாய் கீழாகச் செருகுவார். குறி பட்டதா என்ற விசாரணை அதற்குப் பிறகுதான். ஒரு நாள் ஒன்று கைதவறி மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. எழுபது தாண்டியவர், முழங்காலில் அறுவை செய்துகொண்டவர், நான் எழுவதற்குள் மண்டியிட்டுத் துழாவி எடுத்துவிட்டார்.

அந்தக் கூட்டின் விலை 1 டாலர் 20 சென்ட். கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிறவருக்கு அது குப்பை. வீட்டில் தோட்டா நிரப்புகிறவருக்கு அது முதல். முதலைத் தரையில் உருளவிட்டு லாபத்தைப் பார்க்கப் போகிற வியாபாரி உண்டா?

நான் இருப்பது கன்சாஸ் சிட்டிக்கு மேற்கே, கன்சாஸ் மாநிலப் பக்கம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற ஊரைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு. அது வேறு கட்டுரை. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இங்கே தன் உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்க ஆரம்பித்தால்தான் வேண்டும். ஆகவே கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பழைய பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே, இவர் ஒரு மேஜை போட்டிருக்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. குளிர்காலத்து மாலைகளில் காப்பிக் கோப்பையோடு அந்த மேஜைக்கு எதிரே உட்காருவேன். முதலில் என்னை இழுத்தது அவருடைய கணக்கு நோட்டு. இருபத்தைந்து வருஷம் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். கோடு போட்ட நோட்டு இல்லாமல் அவருக்குக் கை ஓடாது.

கடைக்குப் போனால் தோட்டாவுக்கு ஒரே விலைதான். பந்தயத்துக்குச் சுடுகிற தரத்தில் .308 வின்செஸ்டர் ரகத் தோட்டா இருபது கொண்ட பெட்டி 40 டாலர் என்றால், ஒன்று 2 டாலர். அதற்குள் என்ன எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நோட்டில் அது நான்காகப் பிரிந்து கிடக்கிறது. மருந்து ஒரு பவுண்டு 50 டாலர். ஒரு தோட்டாவுக்கு 31 சென்ட். அதைப் பற்றவைக்கிற பிரைமர் 8 சென்ட். குண்டு நூறு கொண்ட பெட்டி 45 டாலர். ஒன்று 45 சென்ட். கூடு 1 டாலர் 20 சென்ட், பத்து முறை சுடலாம் என்று வைத்துக்கொண்டால் முறைக்கு 12 சென்ட். ஆக 96 சென்ட். கடை விலையில் பாதிக்கும் கீழே.

இந்த நான்கில் மூன்று ஒரே விநாடியில் காணாமல் போகிறவை. மருந்து புகையாகிறது, குண்டு மண்மேட்டில் புதைகிறது, பிரைமர் கருகிப்போகிறது. கூடு ஒன்றுதான் வீட்டுக்குத் திரும்பி வருவது. நோட்டிலும் அதற்கு மட்டும் தனிப் பக்கம். ஐம்பது கூடுகள் கொண்ட ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. சுட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு நெட்டைக் கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. பால்காரர் கதவில் போட்டுவைக்கிற கரிக்கோட்டு வரிசை மாதிரியே இருக்கும்.

மருந்திலிருந்து தொடங்கலாம். தமிழில் வெடிமருந்துக்கும் நோய்மருந்துக்கும் ஒரே சொல் இருப்பதன் பொருத்தத்தை நான் அந்த மேஜையில்தான் கண்டேன். இரண்டும் அளவு தப்பினால் ஆளை முடித்துவிடும். எடை கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். பார்லி மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. நம் தட்டான்கள் நான்கு நெல் எடை ஒரு குன்றிமணி என்று வைத்திருந்த மாதிரி. இவருடைய தோட்டா ஒன்றுக்கு 43 கிரெய்ன் மருந்து போகிறது, அதாவது 2.8 கிராம், ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். 7000-ஐ 43-ஆல் வகுத்தால் ஒரு பவுண்டு டப்பாவுக்கு 162 தோட்டா. வகுத்து மிஞ்சுகிற 34 கிரெய்னைக்கூட அவர் நோட்டில் அடுத்த டப்பாவுக்கு எடுத்துச் செல்வார்.

தராசு பழைய காலத்துக் கோல் தராசு. எலெக்ட்ரானிக் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை அவர் முழுதாக நம்புவதில்லை. மருந்து நிறுக்கும்போது கொட்டகையின் ஹீட்டரை அணைத்துவிடுவார். நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசை வைத்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்தச் சொல்கிற அதே காரணம்தான்: மூச்சுக்காற்று பட்டால் கோல் ஆடும். முக்கால்வாசி மருந்தைச் சிறு கரண்டியால் கொட்டிவிட்டு, மீதியை ஒரு பித்தளைக் குழாயைத் திருகித் திருகி உதிர்ப்பார். குழாய் வாயிலிருந்து மருந்து மணி மணியாகத் தட்டில் விழும். கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கியது போல. ஐம்பது மணிக்கு ஏறக்குறைய ஒரு கிரெய்ன். கோல் நடுக்கோட்டை நெருங்க நெருங்க அவர் விரல் மெதுவாகும். கடைசியில் ஒரு மணி, நிறுத்தம், இன்னொரு மணி. கோல் ஒரு தடவை பெருமூச்சு விட்டதுபோல் ஏறி இறங்கிக் கோட்டில் நிற்கும்.

அந்த ஒற்றை மணியின் விலையை ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு சென்டுக்கு எழுபது மணி. ஒரு தோட்டாவில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு சென்டில் எழுபதில் ஒரு பங்கு மதிப்புள்ள பொருளுக்காக ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் நான்.

மணியையே ஒரு நாள் பூதக்கண்ணாடியில் காட்டினார். நீளவாக்கில் நடுவே ஊசித்துளை. சரக்கு பார்க்க அற்பம், அதற்குள் இவ்வளவு யோசனை! மணி வெளியிலிருந்து எரிய எரியச் சுற்றளவு சுருங்கும், எரிகிற பரப்பு குறையும், வாயு பிறக்கிற வேகமும் தளரும். நடுவில் துளை இருந்தால் உள்பக்கமும் எரிந்து துளை அகன்றுகொண்டே வரும். வெளியே சுருங்குகிற பரப்பை உள்ளே விரிகிற பரப்பு ஈடுகட்டிவிடும். மெதுவடைக்கு நடுவில் ஓட்டை போடுகிற பாட்டிக்கு இந்த விஷயம் பாதி தெரியும். செய்வதும் நம் சமையல்கட்டு முறைதான்: நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் பிசைந்து மாவாக்கி, இடியாப்ப அச்சு மாதிரி துளை வழியே பிழிந்து, இழையைத் துண்டு துண்டாக நறுக்கி, கடைசியில் கிராஃபைட் பூசுகிறார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலையை ஊட்டி ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கார்டைட் என்ற பெயரே இழை, கயிறு என்ற பொருளில் வந்தது. அது நறுக்காத இடியாப்பம்.

இவர் டப்பாவில் இருக்கிற மருந்து ஆஸ்திரேலியாவில், முல்வாலா என்ற ஊரில் செய்தது. ஆனால் டப்பாமேல் இருக்கிற ஹாட்ஜ்டன் என்ற பெயர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்திடம் 4895 என்ற எண் கொண்ட ரைஃபிள் மருந்து மலையாக மிஞ்சியது. ப்ரூஸ் ஹாட்ஜ்டன் என்ற எரிவாயுக் கம்பெனி விற்பனையாளர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் மேல் கடன் வாங்கி 25 டன் எடுத்தார். வைக்க இடமில்லை, ஒரு பழைய ரயில் சரக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வாடகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி, அதில் கொட்டிவைத்தார். பத்திரிகையில் ஒரே ஓர் அங்குல விளம்பரம்: 150 பவுண்டு 30 டாலர். மகன்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் காரின் பின்பெட்டியில் மருந்தை ஏற்றிப் போய் ரயிலடியில் இறக்கிவிட்டு வகுப்புக்குப் போவார்களாம். பவுண்டு 20 சென்டுக்கு விற்ற ஊரில் இன்று 50 டாலர், இருநூற்றைம்பது மடங்கு. பெரியவர் இதைச் சொல்லும்போதெல்லாம், அந்த ரயில்பெட்டியைத் தன் அப்பா நேரில் பார்த்தும் ஒரு மூட்டைகூட வாங்கிப் போடவில்லை என்று வருத்தப்படுவார். மனை விலை பேசும்போது நம் ஊர்க் கிழவர்கள் படுகிற அதே வருத்தம்.

சிக்கனம் என்று பார்த்தால் இந்தச் சமவெளிக்கு இது இன்னும் பழைய பழக்கம். 1870-களில் இங்கே காட்டெருமைத் தோலுக்காக வேட்டையாடியவர்கள் ஈயக் கட்டியும் மருந்துப் பீப்பாயும் வார்ப்பச்சும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்து, இரவில் முகாமில் உட்கார்ந்து மறுநாளைக்கான தோட்டாக்களை நிரப்பினார்கள். அவர்கள் முடித்துவைத்த வேலை பெருமைக்குரியதல்ல. எருமைக்கூட்டம் அழிந்தது, வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்புகிற கை மிஞ்சியது.

ஒரு மாலை நான் செய்த தவறு இது. ஐம்பது குழி போட்ட மரக்கட்டையில் கூடுகள் வாய் மேலாக நின்றுகொண்டிருந்தன, பல்லாங்குழிப் பலகையை நீளமாக இழுத்ததுபோல. வரிசையாக மருந்து போட்டுக்கொண்டு வந்தார். நான் உள்ளே வந்த வேகத்தில் ஏதோ பனிப்புயல் செய்தி கேட்டேன். அவர் பதில் சொன்னார். திரும்பிக் கட்டையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு அந்த வரிசையில் மருந்து போட்ட பதினோரு கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து டப்பாவிலேயே கொட்டிவிட்டு, முதலிலிருந்து நிறுக்க ஆரம்பித்தார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு கூட்டில் மருந்து கூடுதலாகப் போயிருந்தால், அல்லது போடவே இல்லாமல் விட்டிருந்தால், அடுத்த சனிக்கிழமை அது அவர் கன்னத்துக்கு நாலு அங்குலம் முன்னால் தெரியவரும். முடித்ததும் சிறு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்ப்பார். மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரு டப்பா மருந்துதான் இருக்கும்; மற்றவை அலமாரியில். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே “பேச்சு, 20 நிமிடம்” என்று எழுதியிருந்ததைப் பின்னால் ஒரு நாள் பார்த்தேன். காசுப் பத்தியில் சுழியம் போட்டிருந்தார்.

எட்டு சென்ட் பிரைமர்தான் எனக்கு மிகவும் பிடித்த சாமான். தீபாவளிக்குத் துப்பாக்கியில் போட்டு வெடிக்கிற பொட்டுக் கேப்பின் பெரியண்ணன். ஐந்து மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில் ஒரு குட்டிக் கிண்ணம். உள்ளே தட்டினால் பொறி கக்குகிற கலவை ஒரு சிட்டிகை. அதன்மேல் மூன்று கால் பட்டடை. கூட்டின் அடியில் இதை அழுத்துவதற்கு இவர் இயந்திரத்தை உபயோகிப்பதில்லை, கைக்கருவிதான். உட்காரும்போது கட்டைவிரலுக்கு ஒரு மெல்லிய தடை தெரியும், பிறகு முட்டுத்தட்டி நிற்கும். பல் மருத்துவர் ஈறைத் தொட்டுப் பார்க்கிறாற்போல் ஒவ்வொன்றையும் விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். பிரைமர் அடிமட்டத்துக்கு மயிரிழை கீழே இருக்க வேண்டும். சில கூடுகளில் தடையே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அடித் துளை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூட்டைப் பேசாமல் தனியே எடுத்து வைத்துவிடுவார்.

வீட்டில் தோட்டா நிரப்புவது அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கே இந்தப் பிரைமரின் அமைப்புதான் காரணம் என்பேன். 1866-ஐ ஒட்டி இரண்டு ராணுவத்தினர் தனித்தனியாக இரண்டு வடிவம் கண்டார்கள். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் பட்டடையைக் கூட்டிலேயே வார்த்துவிட்டு, பொறி போக ஓரங்களில் சிறு துளைகள் வைத்தார். ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் பட்டடையைப் பிரைமருக்குள் வைத்துவிட்டு, கூட்டின் நடுவே ஒரே ஒரு துளை விட்டார். அந்த நடுத்துளைக்குள் மேலிருந்து ஒரு கம்பியை இறக்கினால் கருகிய பிரைமர் டப்பென்று கழன்று விழுந்துவிடும். பெர்டனுடையதைக் கழற்றுவது பிராணாவஸ்தை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவில் ஊன்றியது, ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவில் ஊன்றியது. பெண் மாற்றிக் கட்டிக்கொண்ட சம்பந்திகள் போல. நடுத்துளை ஒன்று இருந்ததால்தான் இங்கே கூட்டுக்கு மறுபிறப்பு, அதனால்தான் இந்த நோட்டு.

தொற்றுக் காலத்தில் விலை ஆட்டம் கண்டதும் இதுதான். ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது போய், 2020-க்குப் பிறகு கடை அலமாரியே காலி. திரும்பி வந்தபோது இரண்டு மடங்குக்கு மேல். மருந்து இருந்தது, குண்டு இருந்தது, கூடு இருந்தது. நாலு சென்ட் சாமான் இல்லாமல் மேஜை ஒரு வருஷம் சும்மா கிடந்தது. உப்பு இல்லாத சமையலறை.

குண்டைப் பற்றி அவர் நோட்டு அதிகம் பேசாது. 45 சென்ட், நான்கில் அதுதான் அதிக விலை, அதில் இவர் கைவைக்க ஒன்றும் இல்லை. 168 கிரெய்ன், ஒன்றேகால் சவரனுக்கு மேல். பந்தயக் குண்டின் மூக்கு நுனியில் ஓர் ஊசித்துளை இருக்கும். செப்புச் சட்டையை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து மூடுவதால் கடைசியில் மிஞ்சுகிற வாய் அது. அடி முழுதாக, சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக மூக்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். குண்டிலும் மிச்சம் பிடித்தவர்கள் உண்டு. இவர் மேஜையில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிற பச்சை அழுத்துக்கருவியின்மேல் ஆர்சிபிஎஸ் என்று நான்கு எழுத்து இருக்கிறது. அதில் ‘ஆர்சி’ என்பது ராக்சக், மேற்கு அமெரிக்காவின் மலை மர்மோட், அணில் இனம். 1943-இல், போரால் குண்டு கிடைக்காத நாளில், கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர், சுட்டுப்போட்ட .22 தோட்டாக் கூடுகளையே அமுக்கிப் புதுக் குண்டுக்குச் சட்டையாக்குகிற அச்சு செய்தார். ராக்சக் சுடுகிறவர்களுக்கான குண்டு அச்சு என்பதுதான் கம்பெனியின் பெயர். குப்பையிலிருந்து பிறந்த பெயர் இன்றும் நாட்டில் பல மேஜைகளில் இருக்கிறது.

மற்ற சில்லறைகள். மருந்தையும் பிரைமரையும் தபாலில் வரவழைத்தால் ஆபத்துச் சரக்குக் கட்டணம் தனி. ஒரு டப்பா வாங்கினாலும் பத்து வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. அதனால் தெருவில் மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொள்கிறார்கள், சீட்டுப் பிடிப்பது போல. கடைத் தோட்டாவில் 11 சதவீத மத்திய வரி அடக்கம். 1937 சட்டப்படி அது வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. தனித்தனியாக வாங்குகிற உறுப்புகளுக்கு அந்த வரி இல்லை. பெரியவர் இதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், பிறகு தான் வருஷாவருஷம் வேட்டை உரிமம் எடுப்பதைச் சேர்த்துக்கொண்டார்.

கருவிகளுக்கு 600 டாலர் ஆயிற்றாம். ஒரு தோட்டாவுக்கு 1 டாலர் 4 சென்ட் மிச்சம் என்றால் 577-ஆவது தோட்டாவில் முதல் திரும்பிவிடும். அந்த எண்ணை நோட்டில் வட்டமிட்டிருக்கிறார். வட்டத்துக்குப் பக்கத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில், ஒரு கேள்விக்குறி. அது அவர் மனைவி போட்டது. “இவர் மிச்சம் பிடித்தே எங்களை ஓட்டாண்டி ஆக்கிவிடுவார்” என்பார் அந்த அம்மாள். வருஷத்துக்கு நூறு தோட்டா சுட்டவர் நிரப்ப ஆரம்பித்த பிறகு நானூறு சுடுகிறார். விலை பாதி, செலவு இரண்டு மடங்கு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இந்தக் கணக்கைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை.

எந்தத் தோட்டா என்பதைப் பொறுத்தும் கணக்கு தலைகீழாகும். ஆப்பிரிக்க வேட்டைக்கென்று செய்த .416 ரிக்பி மாதிரிப் பெரிய ரகங்களில் இருபது கொண்ட பெட்டி 100 டாலரைச் சுலபமாகத் தாண்டும். அங்கே வீட்டில் நிரப்புகிறவன் ராஜா. ஊரெல்லாம் சுடுகிற .223 சாதாரணத் தோட்டாவில் பத்து சென்ட் மிஞ்சினால் பெரிது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஐம்பது நிரப்பினால் ஐந்து டாலர். இங்கே ஒரு காப்பியின் விலை.

மாலை முழுக்க என்று சொன்னேன். நோட்டில் நான்கு பத்திகள்தான், ஐந்தாவதாகக் கூலி என்று ஒன்று இல்லை. ஏன் என்று கேட்டேன். கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். ரயில்வேயில் சரக்கு இறக்கின ஒவ்வொரு ஆள்மணிக்கும் கணக்கு எழுதியவர். சற்று யோசித்துவிட்டு, அதை எழுதினால் கூட்டித் தொலைக்க வேண்டியிருக்கும் என்றார்.

அந்த எழுதாத மணிகளில் பாதி கூட்டுக்குத்தான் போகிறது. சுட்ட கூட்டைக் கழுவுவதே ஒரு நாள் வேலை. கொட்டைத்தோல் பொடி நிரப்பிய பாத்திரத்தில் போட்டு அதிரவிடுவார். வால்நட் ஓட்டை அரைத்த பொடி. துணி உலர்த்தும் இயந்திரத்தில் உபயோகித்துத் தூக்கியெறிகிற வாசனைத் தாளைக் கீற்றாகக் கிழித்து உள்ளே போடுவார், அழுக்குத்தூளை அது வாங்கிக்கொள்ளும். செலவு சுழியம். சிலர் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் கலந்து கழுவுகிறார்கள். என் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவாள் என்றேன். அடுத்த வாரமே இந்தியக் கடையில் புளி வாங்கி வந்து மூன்று கூட்டைத் துலக்கிப் பார்த்துவிட்டு, பளபளப்பு சரி, விலை கட்டாது என்று நோட்டில் எழுதினார். இரண்டும் பித்தளைதான். இவருடையதில் செம்பு 70, துத்தநாகம் 30 என்ற கறாரான கலவை.

இவர் வாங்குகிற கூடுகள் ஃபின்லாந்தில் செய்தவை. அவை புதிதாக வரும்போது கழுத்திலும் தோளிலும் ஒரு சாயம் இருக்கும். வைக்கோல் மஞ்சளில் தொடங்கி, ஊதா கலந்த நீலத்துக்குப் போய், உடம்புப் பித்தளையில் கரைகிற சாயம். மயில் கழுத்துப் பட்டின் ஓரம் மாதிரி. முதலில் அதைக் கறை என்றே நினைத்தேன். கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்கியதன் தடம் அது. பல அமெரிக்கக் கம்பெனிகளும் இதைச் செய்துவிட்டு, வாங்குகிறவர் கறை என்று நினைப்பாரே என்று மெருகு போட்டு அழித்துவிடுகின்றன. ராணுவக் கூடுகளில் அழிக்காமல் விடுகிறார்கள், வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி. கூடு சுடும்போது விரிகிறது, அச்சில் அமுக்கும்போது சுருங்குகிறது. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிப் பித்தளை இறுகிப்போய், ஒரு நாள் கழுத்தில் கீறல் விடும். அதற்கு முன்னே மறுபடி நெருப்பில் காட்டினால் ஆயுள் கூடும். கழுத்துக்குத்தான் இளக்கம், அடி இறுக்கமாகவே இருக்க வேண்டும். அடி இளகினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கூட்டைச் சுழற்றிக்கொண்டே நீலச் சுடரில் கழுத்தை மட்டும் சில விநாடிகள் காட்டுவார். இருட்டில் நிறம் மாறுகிற கணத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் கை அதற்குள் எடுத்துவிட்டிருக்கும்.

பத்து முறை என்று கணக்குப் போட்டது இப்படித்தான் பதின்மூன்று, பதினான்கு ஆகிறது. ஆகும்போது 12 சென்ட் 9 சென்டாகிறது. நோட்டில் அந்தப் பழைய 12-ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதுகிறபோது அவர் முகத்தில் வருகிற திருப்தியை நான் சம்பள உயர்வு வாங்கியவர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஒரு பெட்டிக்குப் பதினான்காவது கோடு போட்டாயிற்று. ஒவ்வொரு கூட்டையும் எடுத்து, நிமிர்த்தி வைத்த காகித ஊக்கு ஒன்றை அதற்குள் விட்டார். ஊக்கின் நுனியை மட்டும் நகம்போல் வளைத்திருந்தார். நுனி உட்சுவரைத் தடவிக்கொண்டே அடிவரை போய்த் திரும்பும். கூடு நீண்டு நீண்டு அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்திருந்தால், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே ஊக்கு இடறும். கண்ணை மூடிக்கொண்டார். இருபத்துமூன்றாவதில் நிறுத்தினார். மறுபடி விட்டார். என்னிடம் நீட்டினார். ஊக்கை மெல்ல இழுத்தேன். வழவழ, வழவழ, பிறகு ரோமம் சிக்கியதுபோல் ஒரு சின்னத் தடுக்கல். அடுத்த வேட்டில் அந்த இடத்தில் அது இரண்டாகப் பிய்ந்திருக்கும்.

குறடால் கழுத்தைப் பிடித்து நசுக்கினார், தவறிப்போய்கூட யாரும் மறுபடி நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக. மேஜைக்கு அடியிலிருந்த காப்பித் தூள் டப்பாவில் போட்டார். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. பித்தளைக்கு எடைக்கடையில் இப்போது நல்ல விலை, டப்பா நிரம்பட்டும் என்றார். நோட்டை எடுத்து ஐம்பது என்பதை அடித்துவிட்டு 49 என்று எழுதினார்.